பயிற்சிக்கு வரும் மாணவனும் கடை முதலாளியும்

வர்த்தக நிர்வாகப் படிப்பு இன்று நமது குடும்பங்களுக்குப் புதியதன்று. மலாக்கா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வர்த்தகப் புலம் இருக்கிறது. டுரியான் துங்காலில் ‘யூடெம்’ என வழங்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகமும் தொழில் முனைவும் தனிப் புலமாகவே போதிக்கப்படுகின்றன. பொலிடெக்னிக்கில் வர்த்தகப் பிரிவு உண்டு. அலோர் காஜாவை அடுத்த லெண்டுவில் ‘யூஐடிஎம்’ வளாகம் உண்டு. இவற்றுள் எதிலே படித்தாலும், படிப்பு முடியும் தறுவாயில் மாணவனை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பி, ஒரு ஸ்தாபனத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மலாயில் இதற்கு லத்திஹான் இண்டஸ்ட்ரி என்று பெயர். பிள்ளைகள் ‘பிராக்டிக்கல்’ என்பார்கள், ‘இன்டர்ன்ஷிப்’ என்பார்கள். பத்து வாரமும் உண்டு, ஆறு மாதமும் உண்டு. படிப்புக்குத் தக்கபடி மாறும்.

இப்படியொரு காலம் வருகிறது என்றவுடன் நம் வீடுகளில் நடப்பது என்ன? தகப்பனார் தொலைபேசியை எடுக்கிறார். “மச்சான், நம்ம பையனுக்கு ஒரு மூணு மாசம் உங்க கடையிலே பேரைப் போட்டுக்குங்க” என்கிறார். மச்சானும் மறுக்கமாட்டார். கடை முத்திரை விழுந்துவிடும். பையன் வந்தால் வருவான், வராவிட்டால் கேட்பாரில்லை. வந்த நாட்களில் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு நாற்காலி, கையிலே தொலைபேசி, பிற்பகலில் ஒரு தே தாரிக். கடைசி வாரத்தில் ஒரே இரவில் உட்கார்ந்து பயிற்சிக் குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டுவான். “சரக்குக் கையிருப்பு நிர்வாகம் கற்றுக்கொண்டேன்” என்று அதிலே எழுதியிருக்கும். நாமும் படிக்காமலே கையெழுத்துப் போடுவோம்.

இதிலே நஷ்டம் யாருக்கு? பல்கலைக்கழகத்துக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதத்தையும், தொழிலை உள்ளே நின்று பார்க்கும் ஒரே சந்தர்ப்பத்தையும் இழந்தவன் அந்தப் பிள்ளை. வெளியுலகம் தெரிந்த ஓர் இளைஞனை மூன்று மாதம் பக்கத்தில் வைத்திருந்தும் ஒரு பிரயோஜனமும் அடையாதவர் அந்தக் கடை முதலாளி. இரண்டு நஷ்டமும் நமது நஷ்டமே. பிள்ளையும் நம்முடையவன், கடையும் நம்முடையது.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஹார்வர்டு வர்த்தகக் கலாசாலை 1908-ல் துவங்கியது. அத்தகைய கலாசாலைகளில் எம்.பி.ஏ. படிப்பு இரண்டு ஆண்டு. முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடையே வரும் கோடை மாதங்களில் மாணவர்கள் கம்பெனிகளில் போய் வேலை செய்வார்கள். கம்பெனி மாணவனைப் பார்க்கும். மாணவன் கம்பெனியைப் பார்ப்பான். இருவருக்கும் பிடித்துவிட்டால் படிப்பு முடியுமுன்னரே உத்தியோகம் நிச்சயமாகிவிடும். அந்த ஹார்வர்டின் ஒத்துழைப்போடு 1961-ல் ஆமதாபாத்தில் நிறுவப்பட்ட இந்திய நிர்வாகவியல் கழகத்திலும் இதே வழக்கம் இருக்கிறது. நமது நாட்டிலே கோடை என்று ஒரு பருவம் ஏது? மழை பெய்யும் மாதம், பெய்யாத மாதம் என்ற இரண்டுதான். ஆகவே இங்கே பருவத்தின் பெயரை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நிற்க. மேல்நாட்டார் இதை ஆரம்பிப்பதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்களிடம் ஒரு பயிற்சி முறை இருந்தது. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்தும் தஞ்சை ஜில்லாவிலிருந்தும் கப்பல்களில் வந்திறங்கிய சிறுவர்கள், உறவினர் கடையிலே கடைப் பையனாக அமர்ந்தார்கள். கடையைக் கூட்டுவது, சாக்கு மடிப்பது, பொட்டலம் கட்டுவது, சைக்கிளில் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோவது என்று துவங்கி, தராசுக்கு வந்து, பிறகு பற்று வரவுக்கு வந்து, கொள்முதலுக்கு வந்து, கடைசியிலே சிலர் சொந்தக் கடையும் வைத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இது இன்னும் ஒழுங்காக நடந்தது. அவர்களுடைய கிட்டங்கியிலே பெட்டியடிப் பையன், அடுத்தாள், ஏஜெண்டு என்று படிகள் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு தவணை உண்டு. தவணை முடிந்ததும் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்புவார்கள்.

நமது பழைய முறையின் பெருமை, அங்கே எல்லாமே மெய்யான வேலை என்பது. பையன் தவறாக எடை போட்டால் அன்றைக்கே வாடிக்கைக்காரர் திரும்பி வருவார். அதன் குறை என்னவென்றால், யாரும் எதையும் வாய்விட்டு விளக்கமாட்டார்கள். பார்த்துத் தெரிந்துகொண்டவன் பிழைத்தான். தெரிந்துகொள்ளாதவன் இருபது வருஷமானாலும் தராசடியிலேயே நின்றான். பேரேட்டைப் பையன் கண்ணிலே காட்டுவதே பாவம் என்று நினைத்த முதலாளிகளும் இருந்தார்கள். கல்லூரி மாணவனின் நிலை இதற்கு நேர்மாறு. அவனுக்கு எல்லாம் விளக்கப்பட்டிருக்கிறது. மெய்யான வேலை ஒன்றும் கையிலே கொடுக்கப்படவில்லை. இவ்விரண்டையும் பொருத்தி வைப்பதே பயிற்சிக் காலம். பொறுப்புள்ள ஒரு மெய்யான வேலை, அதைச் சரிபார்க்கும் ஒரு மூத்தவர், இந்த இரண்டும் இருந்தால் சிறிய கடையும் நல்ல பயிற்சிக்கூடம். இரண்டும் இல்லாவிட்டால் பெரிய கம்பெனியும் வெறும் கட்டிடம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். இதே மலாக்கா பட்டணத்தில், கம்போங் பாலியில் 1796-ல் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. யமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்த ஓர் அரபியரின் கொள்ளுப்பேரர். மலாய் உரைநடையிலே பெரும் பெயர் பெற்ற இவர், தம் சரித்திரத்தை ‘ஹிகாயத் அப்துல்லா’ என்ற நூலாக எழுதி, அது 1849-ல் அச்சாயிற்று. சிறுவனாக இருக்கையில் தம்மைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பியதாகவும் இரண்டரை வருஷம் படித்ததாகவும் அதிலே சொல்கிறார். ஏன் தமிழ்? அன்றைய மலாக்காவில் தமிழ் வியாபாரிகள் நிறைந்திருந்தனர். கணக்கு வழக்குக்கு அந்தப் பாஷை வேண்டியிருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கற்பது வழக்கமாயிருந்தது. இன்று நாம் பிள்ளைகளை வர்த்தக நிர்வாகம் படிக்க அனுப்பும் அதே எண்ணம்தான்.

அந்நூலிலே ஒரு சம்பவம் நமக்கு முக்கியமானது. தகப்பனார் பத்திரங்கள் எழுதிக் கொடுப்பவர். ஒருநாள் அவர் வெளியே போயிருக்கிறார். கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்து காத்திருக்கிறார். பையன் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறான். தகப்பனார் வந்து விஷயம் அறிகிறார்; பிள்ளையின் கைத்திறமை அவருக்கு அன்றுதான் வெளிச்சமாகிறது. இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அதற்கு முன் அந்தப் பையன் எத்தனையோ எழுத்துப் பயிற்சி செய்திருப்பான். ஆனால் அவையெல்லாம் பலகையிலே எழுதி அழித்தவை. இந்தப் பத்திரமோ ஒருவர் கையெழுத்திட்டு இன்னொருவரிடம் கொடுத்துக் கடன் வாங்கும் பத்திரம். ஒரு சொல் பிசகினால் வழக்கு வரும். அப்படிப்பட்ட ஒரு தாள், ஆயிரம் பலகைப் பாடத்துக்குச் சமானம்.

பிறகு 1810-ம் ஆண்டு டிசம்பரில் ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்வது அவர் வேலை. 1811 ஜூனில் கப்பலேறிவிட்டார். இடைப்பட்ட ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு அவருடைய காரியாலயத்தில் மலாய் எழுத்தர்கள் வேலை பார்த்தார்கள். மூத்த எழுத்தர் இப்ராஹிம், பினாங்குத் தமிழ் முஸ்லிம் வம்சத்தவர். எல்லோரிலும் இளையவர் நமது அப்துல்லா, வயது பதினான்கு. நகல் எடுப்பதும் எடுபிடி செய்வதுமே அவருடைய வேலை. ஆனால் அந்த மூலை இடத்திலிருந்து அவர் பார்த்தவற்றைக் கவனியுங்கள். துரை எப்படி உட்காருவார், எப்போது எழுதுவார், மலாய் அரசர்களுக்கு எத்தகைய கடிதங்கள் போயின, பூச்சிகளையும் செடிகளையும் ஏன் சேகரித்தார் என்பதெல்லாம் முப்பது வருஷம் கழித்து நூலிலே வருகின்றன. ஆறு மாதம் கடைக்கோடி நாற்காலியில் இருந்தவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி மாணவச் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். இதைப் படிக்கும் பெற்றோர் வீட்டிலே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவும்.

இடத்தைத் தேடும்போது பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேடாதீர்கள். பத்து பெரெண்டாமில் இன்பினியன் தொழிற்சாலை, பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை என்று பெரிய இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. கிடைத்தால் நல்லதுதான். ஆனால் “எந்தப் பிரிவில் இருப்பேன், என்ன வேலை கொடுப்பீர்கள், என்னை மேற்பார்வை செய்பவர் யார்?” என்ற மூன்றையும் முன்னதாகக் கேட்டு அறியாமல் போகவேண்டாம். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. மூன்று கேள்விக்கும் பதிலில்லாத இடத்தில் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு அருகிலேதான் உங்கள் பயிற்சி முடியும். பங்குச் சந்தையிலே பதிவான கம்பெனியாக இருந்தால் அதன் ஆண்டறிக்கை எல்லோரும் படிக்கக்கூடியதாக வெளியிடப்படுகிறது. போவதற்கு முன் கடைசி இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் படித்துவிட்டுப் போங்கள். சிறு கடையாக இருந்தால் வாடிக்கைக்காரர் போல ஒருமுறை போய், நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் வாரத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டாம். சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்ற ஓட்டத்தை மட்டும் ஒரு தாளிலே வரைந்து கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் கேட்கும் குறிப்பேடு வேறு; உங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வேறு வைத்திருங்கள். முன்னதிலே ‘இன்று விலைப்பட்டியல்களை அடுக்கினேன்’ என்று இருக்கட்டும். பின்னதிலே ‘ஒரே மொத்த வியாபாரி இந்த மாதம் மூன்று தடவை விலையை மாற்றியிருக்கிறார், ஏன்?’ என்று இருக்கவேண்டும்.

சிறு வேலை கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். தாள் அடுக்கச் சொன்னால் அடுக்கும்போதே படிக்கலாம். அதே சமயம், இரண்டாவது வாரம் முடிவதற்குள் மேற்பார்வையாளரிடம் போய், “ஆரம்பம் முதல் முடிவு வரை நானே பொறுப்பாகச் செய்யும்படி ஒரு காரியம் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கூச்சத்தால் இதைக் கேட்பதேயில்லை. அவர்களும் தாமாகக் கொடுப்பதில்லை; வேலை மும்முரத்தில் அவர்களுக்கு நினைவு வராது. கேட்டவனுக்கே கிடைக்கிறது.

அதுபோலவே, குறை நிறைகளைக் கடைசி நாள் வரை காத்திருந்து கேட்கவேண்டாம். பாதிக் காலம் ஆனதும் கேளுங்கள்: “நான் எதைத் திருத்திக் கொள்ளவேண்டும்?” கடைசி நாளிலே கிடைக்கும் யோசனை அடுத்த முதலாளிக்குத்தான் பயன்படும். பாதியிலே கிடைப்பது உங்களுக்கே பயன்படும்.

மற்றொன்று, அமானிதம். கடையின் கொள்முதல் விலை, லாப விகிதம், வாடிக்கைக்காரரின் கடன், இவையெல்லாம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அறிக்கையிலே அசல் எண்களை எழுதவேண்டுமானால் அனுமதி கேட்டு எழுதுங்கள். அல்லது விகிதமாக மாற்றி எழுதுங்கள். வாடிக்கைக்காரர் பெயர், தொலைபேசி எண் உள்ள பக்கத்தைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவது நாணயக் குறைவு. அதோடு, 2010-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இந்நாட்டில் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

இவ்வளவும் மாணவன் பக்கம். முதலாளிகள் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதியாகிவிடும். உண்மையிலே இந்தப் பாதிதான் கனமானது.

“என் கடையிலே ஒரு பட்டதாரிப் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது?” என்று ஜாசினிலோ மெர்லிமாவிலோ மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் கேட்கலாம். ஏராளமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, ஆயிரம் ரிங்கிட்டைப் பருப்பிலே போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபம் நூற்றுக்கு 6. பத்து நாளில் விற்றுவிடுகிறது. ஒரு தடவைக்கு 60 ரிங்கிட். மாதத்தில் மூன்று தடவை புரளுகிறது. ஆக 180 ரிங்கிட். இன்னோர் ஆயிரத்தைப் பாத்திர பண்டத்திலே போடுகிறீர்கள். லாபம் நூற்றுக்கு 40. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் விற்று முடிய எட்டு மாதம். 400 ரிங்கிட்டை எட்டால் வகுத்தால் மாதத்துக்கு 50 ரிங்கிட். பருப்பே மேல் என்று தெரிகிறது. இதுவரை நமது பெரியவர்கள் மனக்கணக்கிலேயே அறிந்ததுதான்.

ஆனால் அந்தப் பருப்பை மாதக் கடனுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால்? சரக்கு விற்கப் பத்து நாள், பணம் திரும்ப முப்பது நாள், மொத்தம் நாற்பது நாள். நாற்பது நாளைக்கு 60 ரிங்கிட் என்றால் மாதத்துக்கு 45 ரிங்கிட். ரொக்கத்துக்கு விற்கும் பாத்திரத்தைவிடக் கீழே போய்விட்டது! மொத்த வியாபாரி உங்களுக்குத் தவணை கொடுத்திருந்தால் கணக்கு மறுபடியும் மாறும். அதையும் சேர்த்துப் போடவேண்டும். நம் கடைகளில் எத்தனை பேர் ஒவ்வொரு சரக்குக்கும் இப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறோம்? நேரமில்லை என்போம். அந்த நேரம் பயிற்சிக்கு வரும் மாணவனிடம் இருக்கிறது. கற்றதைப் போட்டுப் பார்க்க அவனுக்கு ஒரு கடை இல்லை, உங்களிடம் இருக்கிறது.

கடன் என்றதும் ‘555’ புத்தகம் நினைவுக்கு வராமல் போகாது. தோட்டப் பக்கத்துக் கடைகளெல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தின் மேலேதான் நடந்தன. புக்கிட் அசகான், கெமுனிங், டைமண்ட் ஜூபிலி போன்ற தோட்டங்களில் சம்பள நாள் வரைக்கும் கடன், சம்பளத்தன்று வசூல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டன. இன்று தோட்ட வேலையிலே இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் அதிகம். வாடிக்கை மாறியும் கடன் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் மாறவில்லை. பயிற்சி மாணவனிடம் அந்தப் புத்தகங்களைக் கொடுத்து, ஒரு மாதத்துக்கு உட்பட்ட கடன் எவ்வளவு, மூன்று மாதம் தாண்டியது எவ்வளவு, ஆறு மாதமாக அசையாதது எவ்வளவு என்று வயது வாரியாகப் பிரித்துத் தரச்சொல்லுங்கள். நான்கு நாள் வேலை. விடையைப் பார்த்தபின் சிலருக்கு இரவுத் தூக்கம் குறையலாம். ஆனாலும் பார்ப்பது நல்லது.

இ-இன்வாய்ஸ் வேறு வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 1 முதல் ஆண்டு விற்பனை பத்துக் கோடி ரிங்கிட்டைத் தாண்டிய ஸ்தாபனங்களுக்குத் துவங்கி, அதன்பின் கட்டம் கட்டமாகச் சிறிய ஸ்தாபனங்களுக்கும் விரிந்தது. தங்கள் விற்பனைக்கு எந்த விதி பொருந்தும் என்று வருமான வரி இலாகாவின் வெளியீடுகளைப் படித்து ஒரு பக்கத்திலே தமிழில் எழுதித் தரும்படி மாணவனிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவன் எழுதியதை அப்படியே நம்பிவிடாமல் கணக்கரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்க்கவும். பணமாற்று வியாபாரம் செய்வோர் 2011-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவின் உரிமத்தோடு நடத்துகிறவர்களாதலால், வாடிக்கையாளர் பதிவு, பணப் பொறுப்பு இவற்றில் பயிற்சி மாணவனைத் தனியே விடக்கூடாது. பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், நாணய மாற்று விகிதம் ஒரு வாரத்தில் எப்படி ஏறி இறங்கியது என்று குறிக்கட்டும்.

முதலாளிகள் செய்யக்கூடாத ஒரு காரியமும் உண்டு. நோன்புப் பெருநாள் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்பதற்காகப் பயிற்சி மாணவனை மூன்று மாதமும் துணி மடிக்க வைப்பது. ஒரு வாரம் மடிக்கட்டும், அதுவும் பாடந்தான். மூன்று மாதமும் அதுவே என்றால் அது கூலியில்லா வேலை. மாதப் படி கொடுங்கள். சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் பிள்ளை தகப்பனிடம் கை நீட்டும்படி வைக்கவேண்டாம். 2011-ல் அமைந்த டேலண்ட்கார்ப் ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டங்களுக்குச் செலவிடும் தொகைக்கு இரட்டை வரிக் கழிவு கொடுக்கும் முறை உண்டு. அதற்கு நிபந்தனைகள் பல. உங்கள் ஸ்தாபனம் அதற்குள் வருமா என்று கணக்கரிடம் விசாரியுங்கள். வராவிட்டாலும் படியை நிறுத்தவேண்டாம்.

நம் பெண்மக்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். வர்த்தகப் படிப்பிலும் நம் குடும்பத்துப் பெண்கள் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் பயிற்சி என்று வந்ததும், “நீ தூரம் போகவேண்டாம், மாமா கடையிலேயே கையெழுத்து வாங்கிக் கொள்” என்று நிறுத்திவிடுகிறோம். பையனுக்கு வீணாகும் மூன்று மாதத்தைவிடப் பெண்ணுக்கு வீணாகும் மூன்று மாதம் நஷ்டம் அதிகம். பையனுக்குப் பிறகும் கடை வாசல் திறந்திருக்கும், அவளுக்குப் பல வீடுகளில் இது ஒன்றே வாய்ப்பு. தகப்பனார் நேரே போய் இடத்தைப் பார்க்கட்டும். வேலை நேரம், போக்குவரத்து, தொழுகைக்கு இடம், மேற்பார்வையாளர் யார் என்று விசாரிக்கட்டும். திருப்தியானால் அனுப்பட்டும். மாமா கடைதான் என்று முடிவானால், மாமா அவளிடம் பேரேட்டைக் கொடுக்கட்டும்.

சொந்தத் தகப்பனார் கடையிலேயே பயிற்சி செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடுமானால் வேண்டாம். சில கல்வி நிலையங்கள் இதை அனுமதிப்பதுமில்லை, முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மகனைத் தகப்பன் கண்டித்தால் அது குடும்பச் சண்டையாகிவிடும். கண்டிக்காவிட்டால் பயிற்சியே இல்லை. அதற்குப் பதிலாக நமக்குள்ளே ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். அலோர் காஜாவில் துணிக்கடை வைத்திருப்பவர் மகன் பண்டார் ஹிலிரில் உணவகம் நடத்துபவரிடம் போகட்டும். உணவகக்காரர் மகள் மளிகை மொத்த வியாபாரியின் அலுவலகத்துக்குப் போகட்டும். நமது சங்கத்திலே ஒரு பெயர்ப்பட்டியல் வைத்தால் போதும்: எந்தக் கடை, என்ன வேலை கொடுக்கும், யார் மேற்பார்வை, எத்தனை பேருக்கு இடம். தொலைபேசியில் “பேரைப் போட்டுக்குங்க” என்று கேட்பதற்குப் பதிலாக, இந்தப் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்துத் தானே விண்ணப்பம் எழுதச் சொல்லலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைக்கு முதல் பாடம் அங்கேயே ஆரம்பமாகிறது. நம் இனத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வாசலைச் சுருக்கவும் வேண்டாம். லெண்டுவிலிருந்து ஒரு மலாய் மாணவி வந்து நம் கடைக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் யோசனை நம் பிள்ளை சொல்லாததாக இருக்கலாம்.

பயிற்சி முடியும் வாரத்தில் முதலாளிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாணவன் செய்த அந்த ஒரு காரியத்தை அவனை நிற்க வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்பது. கடையில் உள்ள மற்றச் சிப்பந்திகளும் கூட இருக்கட்டும்; பத்து நிமிஷம் போதும். அவன் சொல்வதில் தப்பிருந்தால் அங்கேயே மறித்துக் கேளுங்கள். மற்றொன்று, அத்தாட்சிக் கடிதம். ‘நல்ல பையன், ஒழுக்கமானவன்’ என்ற கடிதம் எல்லாப் பையன்களிடமும் இருக்கிறது. உத்தியோகம் கொடுப்பவர் அதைப் படிப்பதில்லை. ‘இந்த மாணவர் எங்கள் கடையின் நானூறு வகைச் சரக்குகளைப் புரளும் வேகப்படி பிரித்தார், அவர் யோசனைப்படி முப்பது வகைகளை நிறுத்திவிட்டோம்’ என்று எழுதினால் படிப்பார். அப்படி எழுதுவதற்கு அவன் உண்மையில் செய்திருக்கவேண்டும். செய்வதற்கு நாம் கொடுத்திருக்கவேண்டும். கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ கடைத் தாளில் அச்சிட்டு, தேதி போட்டு, பயிற்சி துவங்கிய நாளும் முடிந்த நாளும் குறித்து, ஒரு பிரதியைக் கடைக் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்தும் யாராவது தொலைபேசியில் விசாரிப்பார்கள்.